பிரிக்காத தையல்

பிப்ரவரி 6

மாடி வீட்டு அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லலாம் என்றால், தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் தபால். இதில் ஒரு வசதி, யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நீங்கள் பூட்டிவிட்டுப் போன மாடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதற்காகச் சமையலறைச் சுவரில் வட்டமாக ஒரு துளை விட்டீர்களே, அது வழியாகப் போயிருக்கிறது. ஃபேன் மாட்டுகிறேன் மாட்டுகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதோடு சரி. மாட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் ஜன்னலில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உங்கள் பழைய தையல் மிஷினுக்குக் கீழே இருக்கும் வெட்டுத்துணிக் கூடையில் நாலு குட்டி. இன்னும் கண் திறக்கவில்லை. ஒரு பெரிய கடுவன் வேறு அந்தத் துளைக்குக் கீழே வந்து உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறது. கடுவன் குட்டிகளைக் கடித்துப் போட்டுவிடும், உங்களுக்குத் தெரியாததா?

கிளம்பிய அன்றைக்கு மாடிச் சாவியைத் துணியில் வைத்து, நாலு பக்கமும் மீன்முள் தையல் போட்டு மூடி, என் கையில் கொடுத்தீர்கள். தீப்பிடித்தால் பிரி, தண்ணீர் ஒழுகினால் பிரி, வேறு எதற்கும் பிரிக்காதே என்றீர்கள். ஒரு நூலைத் தொட்டாலும் தெரிந்துவிடும் என்றும் சொன்னீர்கள். ஒன்றரை வருஷமாக அந்தப் பொட்டலம் என் அலமாரியில் தைத்தது தைத்தபடியே கிடக்கிறது. பூனைக்காகப் பிரிக்கலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். உடனே பதில் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சம்பளமில்லாத காவல்காரி

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் இருமல் நின்றதா இல்லையா என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்கொன்றும் இல்லை.

பிரிக்கக்கூடாது. தீயா? இல்லை. தண்ணீரா? இல்லை. பூனை குட்டி போட்டது என்று பொட்டலத்தைப் பிரிப்பாய், அப்புறம் பல்லி செத்துக் கிடந்தது என்று பிரிப்பாய், அப்புறம் என் பாத்திரம் உன் சமையலறையில் இருக்கும். நான் அந்த வீட்டில் பதினோரு வருஷம் உன்னோடு குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்குப் பாடம் நடத்தாதே.

அது என்ன பூனை? ஊரில் ஆயிரம் பூனை இருக்கிறது. சாம்பல் நிறமா? வால் நுனி மடங்கியிருக்கிறதா? இதைக் கேட்பது அக்கறையில் இல்லை. எந்தச் சனியன் என் கூடைக்குள் படுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் தலைக்குமேல் வேலை. கிழிந்த விரிப்பு மலைபோல் கிடக்கிறது. உட்கார்ந்து தைக்கிறேன். உன்னைப்போல ஜன்னலில் கண் வைத்துப் பார்க்க எனக்கு நேரம் கிடையாது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். கொழுந்தனைத் தவிர.

இப்படிக்கு,
பெரியவள்

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

நலம். கேட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்றவரிடமும் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையே நிமிரவில்லை.

சாம்பல் நிறம். வால் நுனி மடங்கியிருக்கிறது. இடது காதில் ஒரு வெட்டு. தெரியாத மாதிரி கேட்கிறீர்களே அக்கா, அது பாபின்தான். உங்கள் மிஷின் பெட்டியிலிருந்து நூல் சுற்றும் பாபினை உருட்டி உருட்டி விளையாடியதால் நீங்கள் வைத்த பெயர்தான். லாரியில் சாமான் ஏற்றிய அன்று அது மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. லாரிக்காரர், “இதையும் ஏத்தணுமா?” என்று கேட்டார். நீங்கள், “இது எங்க பூன இல்ல” என்றீர்கள். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். காது கேட்காதவள் என்று நினைத்துவிட்டீர்களா?

அன்றிலிருந்து அதற்குச் சோறு போடுவது நான். பிள்ளை பெற்றுக்கொள்ள மட்டும் அது உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாபின் நாளுக்கு இரண்டு முறை இரை தேடி வெளியே வருகிறது. அது வந்தவுடன் கடுவன் சுவரில் தொற்ற ஆரம்பிக்கிறது. நான் துடைப்பத்தோடு நிற்கிறேன். ஆனால் பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்க நான் போயாக வேண்டும். இவரோ பூனை முடி பட்டால் தும்முகிறார். குட்டிகளைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடலாம் என்கிறார். என் கையில் பொட்டலம் இருக்கிறது, கத்தரிக்கோலும் இருக்கிறது. உங்கள் வார்த்தைதான் இல்லை. கதவைத் திறந்து, தாயையும் குட்டிகளையும் உள்ளே வைத்துச் சாத்திவிட்டால் போதும். வேறு எதையும் தொட மாட்டேன். நான் உங்களிடம் கெஞ்சுவது இதுவே முதலும் கடைசியும்.

இருமல் நிற்கவில்லை.

இப்படிக்கு,
சின்னவள்

பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

நலம்.

என் சொல்லில் மாற்றம் இல்லை. பொட்டலத்தைப் பிரிக்காதே. அந்தத் துளைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். செய்ய வேண்டியவரிடம் சொல்லியாயிற்று. நீ எதிலும் மூக்கை நுழைக்க வேண்டாம்.

லாரிக்காரனிடம் நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் உனக்கு எதற்கு?

இருமலுக்கு வெந்நீர் குடி.

பெரியவள்

பிப்ரவரி 23

மாடியின் சொந்தக்காரிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

நீங்கள் சொல்லியனுப்பிய தச்சர் புதன்கிழமை பகலில் வந்தார். நான் வேலையில் இருந்தேன். ஏணி போட்டு, துளையில் இரும்பு வலை அடித்து, மரச்சட்டம் வைத்து முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல வேலைக்காரர். ஒரு விரல்கூட நுழையாது.

தாய் வெளியே இருந்தது அக்கா.

நான் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பாபின் அந்தச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நகம் பிய்ந்து சுவரெல்லாம் கோடுகோடாக ரத்தம். கீழே விழும், மறுபடி ஏறும். உள்ளே குட்டிகள் கத்தும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. பகலெல்லாம் பால் இல்லாமல் கத்தியிருக்கின்றன. அந்தக் கடுவன்கூட அவ்வளவு செய்யவில்லை.

பொட்டலத்தை எடுத்தேன். மீன்முள் தையல். கடையில் லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் கண் என்னுடையது. இந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு இழை பிசிறாமல் காப்பாற்றினேன். உங்கள்மேல் இருந்த மரியாதையில் இல்லை. என்றைக்காவது நீங்கள் வந்து பார்த்து, குறை சொல்ல வாய் திறந்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வாயை மூட வேண்டும் என்பதற்காக. அதை வெட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாவி பூட்டுக்குள்ளேயே போகவில்லை. அது தையல் மிஷின் டிராயர் சாவி.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றேன். பக்கத்தில் பாபின் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பைத்தியக்காரி மாதிரி ஒரு டிராயர் சாவிக்குக் காவல் காத்திருக்கிறேன். பிறகு கண்ணாடிச் சட்டம் முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் தாழ்ப்பாளைக் கழற்றப் பார்த்தேன். அது வளைந்துபோனது. சுத்தியலை எடுத்தேன். இவர் ஓடி வந்தார்.

“ஒரு பூனைக்காகப் பூட்ட ஒடைக்கிறியா? பெரியவங்க காதுக்குப் போச்சுன்னா வீடு ரெண்டாயிடும்.”

“வீடு ரெண்டாகி ஒன்றர வருஷம் ஆச்சு. தள்ளி நில்லுங்க.”

உடைத்தேன். பாபின் என் காலுக்கிடையில் நுழைந்து ஓடியது. மூன்று உயிரோடு இருக்கின்றன. ஒன்று கூடையிலிருந்து வெளியே ஊர்ந்து வந்து தரையில் கிடந்தது, விறைத்துப் போயிருந்தது. அதைப் பாபின் நக்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் விட்டுவிட்டு மற்றதுகளிடம் போனது. உங்கள் மொட்டைமாடிக் காலித் தொட்டியில் புதைத்தேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

கதவுக்கு என் பூட்டைப் போட்டிருக்கிறேன். உங்கள் டிராயர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. டிராயரைத் திறந்து பார்க்கவில்லை. அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 1

சின்னவளுக்கு,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பிரசவ வார்டில் கழித்த விரிப்புகள். கொதிக்க வைத்து அலசியது. பல தடவை துவைத்த துணி என்பதால் மெதுவாக இருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள். பூனைக்கு என்று நான் சொல்லவில்லை.

எழுத வேண்டாம் என்றாய். நான் யார் சொல்லியும் எதையும் நிறுத்தியவள் இல்லை.

கடுவன் உள்ளே போகக்கூடாது என்றுதான் வலை அடிக்கச் சொன்னேன். தாய் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கச் சொன்னேன். அந்த மனுஷன் சுவரைத் தட்டியிருக்கிறான், உள்ளே சத்தம் கேட்டிருக்கிறது, இருக்கிறது என்று அடித்துவிட்டான். குட்டி கத்தினதைத் தாய் என்று நினைத்திருக்கிறான். அவனிடம் சொன்னதற்குப் பதிலாக உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பார்த்திருப்பாய். சொல்லவில்லை. உன்னிடம் ஒரு உதவி கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

சாவி விஷயம். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வராது. தெரிந்துதான் வைத்தேன். ஒரு வாரத்தில் நீ பிரிப்பாய், திறக்கப் பார்ப்பாய், முடியாது. பிரித்ததை என்னிடம் சொல்லவும் முடியாது. அந்த முழியை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் தைத்தேன். நீ பிரிக்கவே இல்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

இனி நான் சொல்வதைச் செய். பசும்பால் வைக்காதே, பாபினுக்கு வயிற்றைக் கலக்கும். மீனை வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு வை. இல்லையென்றால் முட்டை. பால் கொடுக்கிறவளுக்கு ரெட்டைப் பசி. தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வை. மண் தட்டை அதைவிடத் தள்ளி, வேறு மூலையில் வை. கூடையை நகர்த்தாதே. அதுவாகக் குட்டியைக் கவ்விக்கொண்டு வேறு இடம் போனால் பின்னாலேயே போய்ப் பார்க்காதே, போகட்டும். லென்ஸ் பொடி ஒட்டிய கையால் குட்டியைத் தொடாதே. ஜன்னல் உடைசலில் அட்டை ஒட்டு. முக்கியமாக, குட்டிகள் பால் மறக்கும்வரை தாயை வெளியே விடாதே. விட்டால் அந்தக் கடுவன் அடுத்த ஈற்றுக்கு அடி போட்டுவிடும்.

செத்தது எது? வெள்ளைக் கால் உள்ளதா?

வெந்நீர் குடித்தாயா?

பெரியவள்

மார்ச் 14

சின்னவளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் வராததால் இங்கே எதுவும் நின்றுவிடவில்லை. சலவை மிஷின் ஓடுகிறது, நான் தைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

அவர் வேலைக்காக எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும் இடம். பூனை நாய் வளர்க்கக்கூடாது என்று வாசலிலேயே போர்டு. நாங்கள் வருவதற்கு முன்பே இந்த போர்டு இருந்தது. இதை உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. பேப்பரில் இடம் மிச்சம் இருந்தது, எழுதினேன்.

கண் திறந்திருக்கும், ஓடுகின்றனவா? பார்சல் வந்ததா இல்லையா என்றாவது எழுது. தபால்காரனோடு சண்டை போட வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பெரியவள்

மார்ச் 22

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. தரை துடைக்க நன்றாக இருக்கிறது. தரையின்மேல் இப்போது நாலு பேர் படுத்திருக்கிறார்கள்.

கண் திறந்து நாளாகிறது, அறை முழுக்க ஓடுகின்றன. வெள்ளைக் கால்தான் இருப்பதிலேயே முரடு. செத்தது அது இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பாபின் உங்களிடம் இருந்தபோது போட்ட முதல் ஈற்றிலும் ஒன்றுக்கு வெள்ளைக் கால்தான், இல்லையா? நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறது. அதில்தான் எரிச்சல்.

பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். பாதி நாள் படுக்கையிலும் இருந்தேன். கடையில் முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அது போகட்டும்.

வேறு விஷயம். நீங்கள் என்னிடம் சொல்லாமல் மறைத்த விஷயம். மாடியை வாடகைக்கு விடுகிறீர்களாம். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிற ஒருவர் அடுத்த மாதம் குடி வருகிறாராம். மோட்டார் சண்டையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த அண்ணனும் தம்பியும் வாரக்கணக்கில் போனில் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் நானும்தான் சண்டைக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றி, தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இவர் நேற்றுச் சொன்னார், “பூன குட்டி எல்லாத்தையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. பெரியவர் சொல்லிட்டாரு. மிஷினையும் எடைக்குப் போடச் சொன்னாரு.”

மூன்றும் இன்னும் பால் குடிக்கின்றன. தெருவில் விட்டால் ஒரு நாள் தாங்காது. கடுவன் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வீட்டை விடுவது உங்கள் இஷ்டம். ஆனால், கூடையை நகர்த்தாதே, தாயை வெளியே விடாதே என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பின்பக்கமாக ஆள் வைத்து அவற்றைத் தெருவில் தள்ளுவதற்கு என்ன பெயர்? முதலில் சாவியில் ஏமாற்றினீர்கள். இது இரண்டாவது.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி வரப் போவதில்லையா?

சின்னவள்

மார்ச் 27

சின்னவளுக்கு,

நலம்.

வீட்டை விடுவதும் வைப்பதும் ஆண்கள் பார்த்துக்கொள்கிற விஷயம். நீ கேள்வி கேட்க வேண்டாம். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் நடக்கிறது.

எந்தத் தேதியில் வருகிறாராம்? குடும்பத்தோடா, தனியாளா? மிஷினை எடைக்குப் போடச் சொன்னது யார், அவர் வாயாலேயே சொன்னாரா, கொழுந்தன் கூட்டிச் சொல்கிறாரா? முன்பணம் கைமாறிவிட்டதா? அதை மட்டும் விசாரித்து உடனே எழுது.

மிஷினைத் தொடக்கூடாது. கூடை அதற்குக் கீழே இருக்கிறது.

முகமூடி போடு.

பெரியவள்

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நலம். முகமூடி போடுகிறேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை முறைக்காகக் கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் தேதி கேட்க மாட்டார். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷமாக என்னை அதிகாரம் பண்ணிய பெரியவங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவங்க மிஷினை எடைக்குப் போடப் பார்க்கிறார்கள் என்று. இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவிங்காரரைக் கூட்டிக்கொண்டு இவர் மாடி ஏறினார். நான் முன்னாலேயே போய்க் கதவில் சாய்ந்து நின்றுவிட்டேன்.

“சாவி எங்க?”

“பெரியவங்களுக்கு அனுப்பிட்டேன்.”

“யாரக் கேட்டு அனுப்புன?”

“அவங்க வீட்டுச் சாவிய அவங்களுக்கு அனுப்ப யாரக் கேக்கணும்? பூட்ட ஒடைக்கணும்னா ஒடைங்க. நான்கூட ஒரு தடவ ஒடச்சிருக்கேன். ஆனா உங்க அண்ணி வந்து நிப்பாங்க. பதில நீங்களே சொல்லிக்கோங்க.”

உங்கள் நாக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று அப்போதுதான் பார்த்தேன். இவர் சுத்தியலை எடுக்கவே இல்லை. அதற்குள் உள்ளேயிருந்து குட்டிகள் கத்த ஆரம்பித்தன. துளையில் வலைக்குப் பின்னால் பாபின் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சீறியது. அந்த மனுஷர் மிரண்டு போய், “உள்ள ஆளுங்க இருக்காங்களா?” என்றார். “இருக்காங்க, நாலு பேர்” என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் அவர் இல்லையென்றால் இன்னொருவர் வருவார். ஒவ்வொரு ஞாயிறும் நான் கதவில் சாய்ந்து நிற்க முடியாது. நான் கீழ்வீட்டுக்காரி. என் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பு. இது உங்கள் கதவு.

சாவியை அனுப்பிவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு அனுப்பியிருக்கவில்லை. இப்போது அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. என் பூட்டின் சாவி ஒன்று அதற்குள் இருக்கிறது. இன்னொன்று கடையில் என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, சோறு வைக்க நான் உள்ளே போக வேண்டுமே. தையல் நான் போட்டது. உங்களைப் பார்த்து மீன்முள் போடப் பார்த்தேன், அது வேறு ஏதோ முள்ளாக வந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். உங்கள் டிராயர் சாவியையும் கூடவே வைத்திருக்கிறேன்.

உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாபினுக்காக.

இது கதவுச் சாவிதான். பிரித்துப் பாருங்கள்.

சின்னவள்

ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

கால் வலிக்கிறது. படி ஏற முடியும்.

நீ சொன்னது சரி. எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் கேட்டேன். “சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்” என்றார். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். இங்கேயே நிரந்தரமாக வேலை கேட்டு எழுதிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறதாம். அதையும் மறந்துவிட்டாராம். நான் கத்தவில்லை. கத்தாதது அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது. சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

முதலில் குவார்ட்டர்ஸைப் பார்க்க வந்தபோது அந்த போர்டைப் பார்த்துவிட்டுத்தான் பாபினை விட்டுவிட்டு வந்தேன். எங்கள் பூனை இல்லை என்று லாரிக்காரனிடம் சொன்னது, அப்படிச் சொல்லாவிட்டால் என்னால் வண்டியில் ஏற முடியாது என்பதற்காக. இதற்குமேல் இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது.

கிடங்கில் சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், தனியாக. அவருக்கு ஆஸ்பத்திரி கேன்டீன் இருக்கிறது. தம்பியோடு போனில் கொஞ்சிக்கொண்டே சாப்பிடட்டும். குடி வருகிறேன் என்று யார் வந்தாலும் பெரியவள் வருகிறாள் என்று சொல். உன் புருஷனிடமும் சொல்.

உன்னோடு சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைக்காதே. செத்துப்போன குட்டிக்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம். என் பூட்டை உடைத்ததற்கு நானும் உன்னை மன்னிக்கவில்லை. மோட்டாரை இனி நான்தான் போடுவேன், நான்தான் நிறுத்துவேன். அதில் மாற்றம் இல்லை. லென்ஸ் பொடி நெஞ்சுக்குள் போகாமல் துணி முகமூடி நாலு தைத்திருக்கிறேன். விரிப்பில் மிஞ்சியதுதான், தனியாக எடுத்தது இல்லை.

பொட்டலம் கிடைத்தது. தையலா அது? என் வாழ்நாளில் இப்படி ஒரு கேவலத்தைப் பார்த்ததில்லை. நூலை இழுத்த இழுப்பில் துணியே சுருங்கிப் போயிருக்கிறது. எங்கள் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் காட்டினேன், அவளே சிரித்தாள். பிரித்துத் தரட்டுமா என்று கேட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் கையில் ஒரு அடி வைத்தேன்.

நான் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது கதவுச் சாவியா, உன் கண்ணாடிக் கடை ஷட்டர் சாவியா, எனக்குத் தெரியாது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே கொண்டுவருகிறேன். மாடி வாசலில் நின்று, உன் எதிரில், என் கத்தரிக்கோலால் பிரிப்பேன். அதுவரை தைத்தது தைத்தபடியே இருக்கும்.

பாபினுக்கு மீன் வாங்கி வை.

பதில் போடாதே. வாங்க நான் இங்கே இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மாடி வீட்டுக்காரி